மலைநாட்டுச் சாலையில் நாயும் கூடாரமும்

அமெரிக்காவின் மேற்கே வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் ராக்கி மலைத்தொடரைக் குறுக்கே கடந்து, வழிநெடுகக் கூடாரம் அடித்துத் தங்கி, வீட்டு நாயையும் கூட்டிக்கொண்டு போகும் பயணம் அந்நாட்டில் பல குடும்பங்களின் கோடை வழக்கம். காரும் தார்ச்சாலையும் வந்த பிறகு பிறந்த பொழுதுபோக்கு என்றே அதைப் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் மலையும் கூடாரமும் நாயும் அங்கே ஒன்றுசேர்ந்தது குதிரைகூட வந்து சேராத காலத்தில். இடைப்பட்ட நூற்றாண்டுகளில் பெரிதும் மாறியது நாயின் இடம்தான். முதலில் அது சுமை இழுத்தது, பிறகு காவல் காத்தது, பிறகு காரின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தது, கடைசியில் சட்டம் போட்டு வாரில் கட்டப்பட்டது.

ராக்கி மலைகளின் கிழக்கு அடிவாரப் புல்வெளிகளில் வாழ்ந்த பிளாக்ஃபூட் மக்களுக்கு 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான் குதிரை கிடைத்தது. அதுவரை பைசன் கூட்டத்தைத் தொடர்ந்து இடம்பெயரும்போதெல்லாம் நாய்கள்தான் சுமை இழுத்தன. இரண்டு நீண்ட கழிகளின் நுனிகளை நாயின் தோளுக்கு மேலே சேர்த்துக் கட்டி, மறுநுனிகளைத் தரையில் இழுபட விட்டு, நடுவில் குறுக்குச் சட்டம் பிணைத்து அதில் சுமையை ஏற்றுவார்கள். சக்கரமே இல்லாத இந்த இழுவைச் சட்டம் கல்லானாலும் புல்லானாலும் பனியானாலும் நகரும். ஒரு நாய் 20 முதல் 30 கிலோ வரை இழுக்கும். சட்டத்தைச் செய்வதும் நாயைப் பழக்குவதும் பெண்கள் பொறுப்பு. பைசன் தோலால் தைத்த கூம்புக் கூடாரத்தின் அளவையும் நாயின் வலுவே தீர்மானித்தது. நாய்கள் இழுத்துவிடக்கூடிய எடைக்குள்தான் தோலும் கழியும் இருக்க முடியும். குதிரை வந்ததும் கழிகள் நீண்டன, கூடாரங்கள் அகன்றன.

மலைக்கு உள்ளேயே வாழ்ந்தவர்களிடம் இந்த உறவு இன்னும் நெருக்கமானது. இன்றைய எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் உயரங்களில் ஷோஷோனி இனத்தின் ஒரு பிரிவினரான துகுடிகா மக்கள் பெருங்கொம்புக் காட்டாடுகளை வேட்டையாடி வாழ்ந்தார்கள். குதிரை ஏற முடியாத பாறைச் சரிவுகள் அவை. வேட்டைக்கும் சுமைக்கும் நாய்தான் துணை. 1835இல் லமார் பள்ளத்தாக்கில் அவர்களின் சிறு குழுவொன்றைச் சந்தித்த தோல் வேட்டைக்காரர் ஆஸ்போர்ன் ரஸ்ஸல், தோல்களையும் துணிமணியையும் உணவையும் சுமந்து சென்ற சுமார் 30 நாய்களை அவர்களோடு கண்டதாக எழுதி வைத்திருக்கிறார். ஆணும் பெண்ணும் குழந்தையுமாகச் சேர்த்து எண்ணினாலும் ஆட்களைவிட நாய்கள் அதிகம்.

கண்டத்தைக் குறுக்கே கடந்த நாய்களில் ஏட்டில் இடம்பெற்ற புகழ்பெற்ற நாய் சீமேன். லூயிஸ்–கிளார்க் பயணக் குழுவின் தலைவர் மெரிவெதர் லூயிஸ் 1803இல் 20 டாலர் கொடுத்து வாங்கிய நியூஃபவுண்ட்லாந்து இன நாய் அது. 1805 மே மாதம் மிசோரி ஆற்றங்கரையில் அடிபட்ட பீவர் என்னும் விலங்கை எடுத்துவரப் போனபோது அதன் பற்கள் சீமேனின் பின்னங்காலில் ரத்தக்குழாயை அறுத்துவிட்டன. பிழைக்காது என்றே லூயிஸ் அஞ்சினார், ஆனால் பிழைத்துக்கொண்டது. அதே மாதக் கடைசியில், நள்ளிரவில் ஆற்றைக் கடந்து வந்த பைசன் காளை ஒன்று தூங்கிக்கொண்டிருந்தவர்களின் தலைமாட்டையொட்டிப் பாய்ந்தோடியது. தலைவர்களின் கூடாரத்தை நோக்கி வந்த அதைக் குரைத்தே திசைதிருப்பியது சீமேன். செப்டம்பரில் பிட்டர்ரூட் மலையைப் பனியில் கடந்தபோது குழுவினர் பசி தாங்காமல் தங்கள் குதிரைக்குட்டிகளைக் கொன்று தின்றார்கள். மலையிறங்கிய பிறகு பழங்குடியினரிடம் நாய்களை விலைக்கு வாங்கியும் சாப்பிட்டார்கள். சீமேனை யாரும் தொடவில்லை. தின்னும் நாய் வேறு, கூட வரும் நாய் வேறு என்ற பிரிவினையை அந்தப் பசி வேளையில் தெளிவாகக் காண முடிகிறது.

1840களில் ஆரிகன் பாதையில் மாட்டு வண்டிகளோடு மேற்கே குடிபெயர்ந்தவர்களும் நாய்களைக் கூட்டிப்போனார்கள். அவற்றுக்கு அது கொடிய பாதை. சுடுமணலும் உவர்நிலமும் பாதங்களைப் புண்ணாக்கின. குரைப்புச் சத்தத்தில் மாடுகள் மிரண்டு வண்டியோடு ஓடிவிடும் என்று அஞ்சி நாய்களைச் சுட்டுக்கொல்லத் தீர்மானம் போட்ட வண்டிக் கூட்டங்களும் இருந்தன. 1869இல் கண்டங்கடந்த ரயில் பாதை முடிந்ததும் இந்த நெடும்பயணத்துக்கே தேவை குறைந்துபோனது. மலையை ஜன்னல் வழியே பார்த்துக் கடக்கும் காலம் வந்தது.

தரைவழிப் பயணத்துக்கு மறுபிறப்பு கொடுத்தது ஒரு பந்தயம். வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த 31 வயது மருத்துவர் ஹொரேஷியோ நெல்சன் ஜாக்சன், 1903 மே மாதம் சான் பிரான்சிஸ்கோவின் யுனிவர்சிட்டி கிளப்பில் 50 டாலர் பந்தயம் கட்டினார். 90 நாளுக்குள் காரில் நியூயார்க் போய்ச் சேர முடியும் என்பது அவர் வாதம். அவரிடம் அப்போது காரே இல்லை. ஸ்யூவால் குரோக்கர் என்ற இளம் மெக்கானிக்கைத் துணைக்கு அமர்த்திக்கொண்டு, இரண்டு சிலிண்டர், 20 குதிரைத்திறன் கொண்ட பழைய விண்டன் காரொன்றை வாங்கி, அதற்கு ‘வெர்மான்ட்’ என்று தன் மாநிலத்தின் பெயரையே வைத்தார். மேற்கூரையும் கிடையாது, முன்கண்ணாடியும் கிடையாது. படுக்கைப் பைகள், ரப்பர் மழைக்கோட்டு, கோடாரி, மண்வெட்டி, துப்பாக்கிகள், தூண்டில், கேமரா, கப்பியும் கயிறும் ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு மே 23 அன்று இருவரும் புறப்பட்டார்கள். நாடு முழுவதிலும் பாவிய சாலை 150 மைலுக்கு மேல் இல்லை என்று சொல்லப்படும் காலம், அதுவும் நகரங்களுக்குள்தான்.

நெவாடா பாலைவனத்தில் சிக்கி ஏற்கெனவே ஒரு முயற்சி தோற்றிருந்ததால் ஜாக்சன் வடக்கே சுற்றிப்போனார். கலிபோர்னியாவிலிருந்து ஆரிகன், இடாஹோ, வயோமிங் என்று ரயில் பாதையையும் பழைய வண்டித் தடங்களையும் ஒட்டிய வழி அது. வழிகாட்டிப் பலகை எதுவும் கிடையாது. வெள்ளைக் குதிரையில் வந்த பெண் ஒருவரிடம் வழி கேட்டதில், அவர் கைகாட்டிய பாதை 54 மைல் தள்ளி ஒரு பண்ணை வீட்டு வாசலில் போய் முடிந்தது. அங்கே இருந்தவர்கள் அந்தப் பெண்ணின் வீட்டார். அதுவரை காரையே பார்த்திராத அவர்களுக்கு ஒன்றைக் காட்டவேண்டும் என்ற ஆசையில்தான் அவர் அந்த வழியைக் காட்டியிருந்தார். வந்த வழியே திரும்பிப் போவதைத் தவிர இருவருக்கும் வேறு வழியில்லை.

இடாஹோவின் கால்டுவெல் ஊரில் ஜாக்சன் தன் கோட்டை மறந்து விட்டுவிட்டு, எடுக்கத் திரும்பியபோது ஒருவர் வழிமறித்து நாயொன்றை விலை பேசினார். 15 டாலருக்கு வாங்கப்பட்ட அந்த இளம் புல்டாக் இன நாய்க்குப் பட் என்று பெயர். முதல் சில நாள் காரின் குலுக்கலில் தடுமாறிய பட், விரைவிலேயே ஓட்டுபவர்களைப் போலப் பாதையைக் கூர்ந்து பார்க்கக் கற்றுக்கொண்டது. முன்னால் பள்ளம் தெரிந்தால் காலை ஊன்றித் தயாராகிவிடும். உவர்நிலத்துத் தூசியில் அதன் கண்கள் சிவந்து வீங்கியபோது, தாங்கள் அணியும் தூசுக் கண்ணாடியில் ஒன்றை அதற்கும் மாட்டிவிட்டார் ஜாக்சன். கண்ணாடி போட்டுக்கொண்டு இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் பட்டின் புகைப்படம் வழியெங்கும் செய்தித்தாள்களில் வந்தது. ஊருக்கு ஊர் கூட்டம் கூடியதற்குக் காரைப் போலவே பட்டும் ஒரு காரணம். சுமை இழுக்கவோ வேட்டையாடவோ வாங்கப்பட்ட நாயல்ல அது. சேர்ந்து போக ஓர் உயிர் வேண்டும் என்பதற்காகவே வாங்கப்பட்டது. அமெரிக்க நெடுஞ்சாலையில் நாய் சகபயணியாக ஆனதற்குத் தொடக்கப்புள்ளி வைக்கவேண்டுமானால் கால்டுவெல்லில் வைப்பது பொருந்தும்.

வயோமிங்கில் பாடு அதிகம். சேற்றுக் குழியில் கார் அச்சு வரை புதையும். எதிரே மரத்திலோ பாறையிலோ கயிற்றைக் கட்டிக் கப்பி மாட்டி அங்குலம் அங்குலமாக இழுத்து வெளியே எடுப்பார்கள். சில நாட்களில் இதைப் பத்துக்கும் மேற்பட்ட தடவை செய்யவேண்டியிருந்தது. வழி தவறி ஒன்றரை நாள் சோறில்லாமல் கிடந்தபோது ஆட்டு மேய்ப்பர் ஒருவர் இறைச்சி சமைத்துப் போட்டார். காசு வாங்க மறுத்த அவருக்கு ஜாக்சன் தன் துப்பாக்கி ஒன்றைக் கொடுத்தார். ஜூலை 26 அதிகாலையில் ‘வெர்மான்ட்’ நியூயார்க்கை அடைந்தது. 63 நாள், 12 மணி, 30 நிமிடம். செலவு 8,000 டாலர். பந்தயப் பணம் 50 டாலரை ஜாக்சன் வாங்கிக்கொள்ளவே இல்லை. பட் அவரோடு வெர்மான்ட்டுக்குப் போய் மிச்ச வாழ்நாளைக் கழித்தது. காரும் பட்டின் கண்ணாடியும் வாஷிங்டனில் உள்ள அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

16 ஆண்டு கழித்தும் சாலை பெரிதாகத் தேறிவிடவில்லை. நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு லிங்கன் நெடுஞ்சாலை 1913இலேயே அறிவிக்கப்பட்டிருந்தது. ஆனால் 1919இல் அதன் வழியே கிளம்பிய ராணுவ லாரி அணிக்கு வாஷிங்டனிலிருந்து மேற்குக் கரை சேர 62 நாள் பிடித்தது. அணியில் இருந்த இளம் அதிகாரி டுவைட் ஐசன்ஹோவர் அந்தச் சிரமத்தை மறக்கவில்லை. பின்னாளில் நாட்டின் தலைவராக அவர் 1956இல் கையெழுத்திட்ட சட்டத்தால்தான் மாநிலங்களை இணைக்கும் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகள் உருவாயின.

மலைகளுக்குள் காரை விடுவதா என்பதிலும் நெடுநாள் தயக்கம் இருந்தது. எல்லோஸ்டோன் பூங்கா 1915 ஆகஸ்ட் 1 அன்றுதான் கார்களை முறைப்படி அனுமதித்தது. குதிரை வண்டிகள் மிரளாமல் இருக்கக் கார்களுக்குத் தனி நேரம் ஒதுக்கப்பட்டது. எதிரே குதிரை வந்தால் கார் சாலையின் வெளிவிளிம்புக்கு, அதாவது பள்ளத்தின் பக்கத்துக்கு, ஒதுங்கி நிற்கவேண்டும். இரண்டே ஆண்டில் நிலைமை தலைகீழானது. 1917இல் பூங்காவின் குதிரை வண்டிகளே மோட்டார் பேருந்துகளுக்கு வழிவிட்டன.

இந்த மாற்றத்துக்குப் பின்னால் இருந்தது ஃபோர்டு மாடல் டி. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்ற இந்தக் கார்தான் கூடாரப் பயணத்தை நடுத்தரக் குடும்பங்களுக்குக் கொண்டுவந்தது. மலைச் சாலையில் அதை ஓட்டுவது தனிக் கலை. பெட்ரோல் தொட்டி முன்னிருக்கைக்கு அடியில் இருந்தது, எரிபொருளைத் தள்ள பம்ப் கிடையாது, மேலிருந்து கீழே தானாக வடிந்து எஞ்சினுக்குப் போகவேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் கார் மூக்கைத் தூக்கினால், தொட்டியில் பெட்ரோல் குறைவாக இருக்கும் வேளையில் எஞ்சின் தொட்டியைவிட உயரே போய்விடும். பெட்ரோல் வராமல் வண்டி நின்றுவிடும். அதனால் காரைத் திருப்பிப் பின்பக்கமாகவே மலை ஏறுவார்கள். ரிவர்ஸ் கியருக்கு இழுவை அதிகம் என்பது கூடுதல் வசதி. உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும், 3,600 மீட்டர் உயரத்தில் 88 டிகிரி செல்சியஸே போதும். ரேடியேட்டர் ஆவி கக்குவது மலைப் பயணத்தின் அன்றாடக் காட்சியாக இருந்ததற்கு அதுவே காரணம். காருக்கு முன்னால் கேன்வாஸ் தண்ணீர்ப் பைகள் தொங்கும். செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் வெட்டிய மரமொன்றைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு இறங்கியவர்களும் உண்டு.

கூடாரத்தை அடிப்பதற்கும் காரே துணை நின்றது. கேன்வாஸின் ஒரு விளிம்பைக் காரின் கூரையில் மாட்டி மறுவிளிம்பைத் தரையில் முளையடித்துவிட்டால் இரவுக்கு ஒரு சாய்ப்பு தயார். கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடிய படிப்பலகைதான் அக்காலக் காரின் சுமைதூக்கி. அதில் மடக்குக் கட்டிலும் அடுப்பும் பாத்திரப் பெட்டியும் ஏறும். வேட்டைக்காரர்கள் நாய்ப் பெட்டியையும் அங்கேதான் பொருத்தினார்கள். புழுதியும் சேறும் நேராக வந்து விழும் இடம் அது. வீட்டு நாய்களுக்குப் பின்னிருக்கையில், குழந்தைகளுக்கும் போர்வைகளுக்கும் நடுவே இடம் கிடைத்தது. இரவில் முகாமில் அவை பழைய காவல் வேலைக்குத் திரும்பின. உணவுப் பெட்டியைத் தேடி வரும் கரடியை முதலில் உணர்வது நாயாகத்தான் இருந்தது.

சாலையோரம் கண்ட இடத்தில் கூடாரம் அடித்ததால் நிலக்காரர்களுக்கும் பயணிகளுக்கும் தகராறு மூண்டது. ஊராட்சிகள் இலவச முகாம்களைத் திறந்தன. வந்து தங்குபவர் உள்ளூர்க் கடையில் பெட்ரோலும் ரொட்டியும் வாங்குவார் என்பது வணிகர்களின் கணக்கு. ராக்கி மலையடிவாரத்தில் டென்வர் நகரம் நடத்திய ஓவர்லேண்ட் பார்க் முகாம் 160 ஏக்கர் பரப்பில் 800 மனைகளோடு இருந்தது. அந்த மனைகளில் பல மாநிலத்தவர் பக்கத்துப் பக்கத்தில் அடுப்பு மூட்டினார்கள். வேலை தேடி அலையும் ஏழைகளும் அங்கே தங்கத் தொடங்கியதும் ஊராட்சிகளின் மனம் மாறியது. 1920களின் நடுவில் இரவுக்கு 50 சென்ட் என்ற அளவில் கட்டணம் வந்தது, பிறகு தனியார் மரக்குடில்கள் வந்தன, அவற்றிலிருந்து மோட்டல் பிறந்தது. ஏழையை வெளியே நிறுத்தவே கட்டணம் பிறந்தது என்பதை இந்த வரலாறு மறக்கக்கூடாது.

மலை முகாமின் இன்றைய வடிவம் எமிலியோ மைனெக்கே என்ற தாவர நோயியலாளர் தந்தது. கலிபோர்னியாவின் ரெட்வுட் மரக் காடுகளில் முதிய மரங்கள் நலிவதை ஆராயப் போன அவர், கார் சக்கரங்களும் மனிதக் கால்களும் மண்ணை இறுக்கி வேர்களை மூச்சுத் திணற வைப்பதைக் கண்டறிந்தார். 1932இல் அவர் முன்வைத்த தீர்வு எளிமையானது. சாலை ஒருவழி வளையமாக ஓடவேண்டும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் கார் நிறுத்தக் கிளைப்பாதை, அசைக்க முடியாத மேசை, கல் அடுப்பு, அவற்றுக்கு அப்பால் கார் போகாமல் தடுக்கும் பாறைகள். அடுத்த ஆண்டே தொடங்கப்பட்ட குடிமக்கள் பாதுகாப்புப் படை, பொருளாதார மந்தத்தில் வேலையின்றி நின்ற இளைஞர்களைக் கொண்டு இத்தகைய முகாம்களை நாடெங்கும் கட்டியது. உயரச் சாலைகளும் அந்தப் பத்தாண்டில்தான் முடிந்தன. 3,713 மீட்டர் உயரம் தொடும் டிரெய்ல் ரிட்ஜ் சாலை 1932இலும், மான்டானாவின் கோயிங்-டு-தி-சன் சாலை 1933இலும், பேர்டூத் நெடுஞ்சாலை 1936இலும் திறந்தன.

இந்தச் சாலைகள் எல்லோருக்கும் ஒரேபோல் திறந்திருக்கவில்லை. கிழக்கே புளூ ரிட்ஜ் மலைமுகட்டில் அமைந்த ஷெனாண்டோ தேசியப் பூங்காவில் 1939இல் லூயிஸ் மவுன்டன் முகாம் கறுப்பின மக்களுக்கென்று தனியாகத் திறக்கப்பட்டது. அரசுப் பூங்காவிலேயே நிறப்பாகுபாடு. அது முழுமையாக நீங்க 1950 வரை ஆனது. எந்த ஊரில் படுக்க இடம் கிடைக்கும், எங்கே பெட்ரோல் போடுவார்கள் என்று கறுப்பினப் பயணிகளுக்குச் சொல்ல 1936 முதல் ‘கிரீன் புக்’ என்ற கையேடு ஆண்டுதோறும் தேவைப்பட்டது. நாயோடு நிம்மதியாக ஊர் சுற்றிய வெள்ளைக் குடும்பங்களின் புகைப்படங்களைப் பார்க்கும்போது இதையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

நாயோடு நாடு சுற்றுவதற்கு இலக்கிய மதிப்பைத் தந்தவர் ஜான் ஸ்டைன்பெக். 1960 செப்டம்பரில், சரக்கு லாரியின் மேல் சிறு அறை பொருத்திய ‘ரோசினான்ட்டே’ என்ற வண்டியில், சார்லி என்ற பூடில் இன நாயோடு கிளம்பி அவர் ஏறத்தாழ 10,000 மைல் சுற்றினார். 1962இல் புத்தகம் வந்தது, அதே ஆண்டு நோபல் பரிசும் வந்தது. யாரோடும் சண்டைக்குப் போகாத சாதுவான சார்லி எல்லோஸ்டோனில் முதல் கரடியைக் கண்டதும் வெறிகொண்டு கண்ணாடியில் மோதியதையும், அதனாலேயே பூங்காவை விட்டு வெளியேற நேர்ந்ததையும் அதில் விவரிக்கிறார். புத்தகத்தின் உரையாடல்களில் பல கற்பனை என்றும், எழுதியதைவிட அதிக இரவுகள் விடுதிகளில் கழிந்தன என்றும் பின்னாளைய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். என்றாலும் அந்தப் புத்தகம் உண்டாக்கிய ஆசை மெய்யானது. தனியாக இருப்பவருக்கு அந்நியரிடம் பேச்சுக் கொடுக்க நாய் எப்படித் துணையாகிறது என்பதை அதைவிட நுணுக்கமாகச் சொன்ன பயண நூல்கள் குறைவு.

அதே 1962இல் மான்டானாவின் பில்லிங்ஸ் நகரில், சியாட்டில் உலகக் கண்காட்சிக்குப் போகிறவர்களுக்காக, எல்லோஸ்டோன் ஆற்றங்கரையில் டேவ் டிரம் என்பவர் முகாம் ஒன்றைத் தொடங்கினார். இரவுக்கு 1.75 டாலர், வெந்நீர்க் குளியலும் சேர்த்து. அதுதான் கேஓஏ என்ற பெரும் முகாம் நிறுவனமாக வளர்ந்தது. லூயிஸ்–கிளார்க் குழு பசியோடு கடந்த பிட்டர்ரூட் மலையில் லோலோ கணவாய் வழியே செல்லும் நெடுஞ்சாலையும் அந்த ஆண்டே முடிந்தது.

கூட்டம் பெருகியதும் நாயின் மீது விதிகள் இறுகின. பூங்காவைக் கடந்து போகும் நாய்களைக் கட்டியே வைத்திருக்கவேண்டும் என்பது தொடக்ககால விதிகளிலேயே உண்டு. இப்போது தேசியப் பூங்காக்களில் நாயின் வார் 6 அடிக்கு மேல் நீளக்கூடாது. எல்லோஸ்டோனில் சாலை, வண்டி நிறுத்துமிடம், முகாம் ஆகியவற்றிலிருந்து 100 அடிக்கு அப்பால் நாயைக் கொண்டுபோகக்கூடாது. நடைபாதைகளிலும் வெந்நீர் ஊற்றுப் பகுதிகளிலும் அறவே அனுமதியில்லை. நாயின் மணமும் குரைப்பும் காட்டு விலங்குகளைக் கலைக்கின்றன, நோய் பரவ வழி உண்டு, துரத்திப் போன நாய் கரடியையும் பின்னாலேயே கூட்டி வருவதுண்டு. வெந்நீர் ஊற்றுகளின் ஆபத்துக்கு 1981இல் நடந்தது துயரமான சாட்சி. வண்டியிலிருந்து நழுவிய நாயொன்று 90 டிகிரிக்கு மேல் வெப்பமுள்ள ஊற்றில் குதித்தது. அதைக் காப்பாற்றப் பாய்ந்த இளைஞரும் உயிரிழந்தார். ஒருகாலத்தில் 30 நாய்கள் சுமை சுமந்து நடந்த லமார் பள்ளத்தாக்கின் நடைபாதைகள் இன்று நாய்களுக்கு மூடப்பட்டவை. 1995இல் ஓநாய்கள் திரும்பக் கொண்டுவிடப்பட்டதும் அங்கேதான்.

எல்லா மலைகளிலும் நிலைமை இதுவல்ல. ஷெனாண்டோவில் 500 மைலுக்கு மேற்பட்ட நடைபாதைகளில் சுமார் 20 மைல் தவிர மற்றவற்றில் வாரோடு நாயைக் கூட்டிப்போகலாம். தேசியப் பூங்காக்களை ஒட்டியிருக்கும் தேசிய வனங்கள் வேறு துறையின்கீழ் வருபவை, அவற்றின் பெரும்பாலான பாதைகள் நாய்களுக்குத் திறந்தவை. அதனால் நாயோடு மலை கடப்பவர்கள் பூங்காவைப் பகலில் காரிலேயே சுற்றிப் பார்த்துவிட்டு, மாலையில் எல்லை தாண்டி வனத்துக்குள் போய்க் கூடாரம் அடிக்கிறார்கள். அங்கே பல இடங்களில் கட்டணம் இல்லை. பொதுவாக ஒரே இடத்தில் 14 நாள் வரை தங்கலாம்.